வந்த வழியும் வந்த தாளும்: 1957இல் ஒரு திருப்பதிக்காரர் அளித்த விடை

1957 டிசம்பரில் இந்திய மக்களவையில் ஒரு கடிதப் போக்குவரத்தைப் பற்றிய சிக்கல் எழுந்தது. நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரிக்கும் அவருடைய முதன்மை நிதிச் செயலர் எச்.எம். பட்டேலுக்கும் இடையே நிகழ்ந்த இரகசியக் கடிதப் போக்குவரத்து, ரேபரேலி உறுப்பினர் ஃபெரோஸ் காந்தியின் கைக்கு வந்திருந்தது. அமைச்சகத்தின் கோப்புக்குள் இருக்கவேண்டிய தாள் ஓர் உறுப்பினரின் கைக்கு எவ்வாறு வந்தது, அதை அவையில் பயன்படுத்தலாமா என்பன அன்றைய வினாக்கள். அவற்றுக்கு விடை சொல்லவேண்டிய இருக்கையில் இருந்தவர் மாடபூஷி அனந்தசயனம் அய்யங்கார். 1891இல் திருப்பதியை அடுத்த திருச்சானூரில் பிறந்தவர்; திருப்பதி தேவஸ்தானப் பள்ளியிலும் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் பயின்று, சித்தூரில் நெடுங்காலம் வழக்கறிஞராக இருந்தவர். முதலாம் மக்களவைக்குத் திருப்பதியிலிருந்தும் இரண்டாம் மக்களவைக்குச் சித்தூரிலிருந்தும் சென்றவர். 1956 மார்ச்சில் மாவ்லங்கருக்குப் பின் மக்களவைத் தலைவரானார்.

முந்த்ரா விவகாரத்தில் அவர் வகுத்த நெறி இரண்டு கூறுகளைக் கொண்டது. இரகசிய ஆவணம் ஒன்றின் நகலை வைத்திருக்கும் உறுப்பினர், அது தமக்கு யாரிடமிருந்து கிடைத்தது என்று சொல்லக் கட்டாயப்படுத்தப்பட மாட்டார். அந்த நகல் சரியானதா, தவறானதா என்று சொல்லவேண்டிய பொறுப்பு அரசைச் சார்ந்தது. அதாவது, தாள் வந்த வழியை முதலில் ஆராயவேண்டியதில்லை. தாள் மெய்யா என்பதே முதற்கேள்வி.

அரசின் கோப்புகளை வெளியே கொடுப்பவர் குற்றவாளியா, அறத்தின் பொருட்டு முறைகேட்டை உரைப்பவரா என்னும் விவாதம் ஒவ்வொரு கசிவின்போதும் திரும்ப எழுகிறது. பெரும்பாலும் அது கொடுத்தவரின் குணத்தைப் பற்றிய விவாதமாக முடிந்துவிடுகிறது. இந்த வரிசையை மாற்றியமைத்தது 1957இன் நெறி. அதன் வலிமையையும் அது விட்டுவைத்த இடைவெளியையும் சேர்த்துப் பார்க்கும்போது அந்தப் பழைய வினாவுக்குத் தெளிவான வடிவம் கிடைக்கிறது.

முதலில் சொற்களைக் கவனிக்கலாம். ‘கோப்பு கசிந்தது’ என்கிறது செய்தி நடை. ‘கசி’ என்பது செயப்படுபொருள் குன்றிய வினை. அங்கே வினைமுதலாக நிற்பது கோப்பே. கொடுத்த கை வாக்கியத்தில் இல்லை. ‘கோப்பு திருடப்பட்டது’ என்று அரசு சொல்லும்போது திருடன் ஒருவன் வாக்கியத்துக்குள் மறைமுகமாக நுழைகிறான். ‘அரசு கசியவிட்டது’ என்னும்போது வினை பிறவினையாகிறது. கசியவிட்டவர் அதிகாரத்தில் இருப்பவர் என்பதால் அங்கே குற்றம் என்னும் பேச்சே எழுவதில்லை. ‘இடித்துரைப்பாளர்’ என்னும் சொல்லோ, இடித்துச் சொல்லும் துணையை அரசனுக்கு வேண்டிய அரணாகக் கருதிய பழைய தமிழ் மரபிலிருந்து எடுக்கப்பட்டது. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. பழைய இடித்துரைப்பாளர் அரசனின் முகத்துக்கு நேரே சொன்னார். இன்றைய இடித்துரைப்பாளர் அரசைக் கடந்து மக்களிடம் சொல்கிறார். ஒரே செயலுக்கு இத்தனை பெயர்கள் இருப்பதும், எந்தப் பெயர் நிலைக்கும் என்பதைப் பெயரிடுபவரின் இடமே பெரும்பாலும் தீர்மானிப்பதும் இவ்விவாதத்தின் முதல் தடைகள்.

இச்செயலுக்குக் குற்றம் என்னும் பெயரைச் சட்டமாக்கியது காலனிய அரசு. 1889 அக்டோபரில் கல்கத்தாவின் அம்ரித பஜார் பத்திரிகை, காஷ்மீர், கில்கித் ஆகியவை குறித்து வெளியுறவுச் செயலர் மார்ட்டிமர் டூராண்டு எழுதிய குறிப்பு ஒன்றை வெளியிட்டது. காஷ்மீர் மகாராஜா பிரதாப் சிங்கின் ஆட்சி அதிகாரம் பறிக்கப்பட்டிருந்த காலம் அது. அந்த நடவடிக்கைக்கு அரசு வெளிப்படையாகச் சொன்ன காரணங்களுக்கு அப்பால் எல்லைப்புற நோக்கங்களும் இருந்தன என்று அவ்வெளியீடு காட்டியது. அதே ஆண்டில் இந்தியாவில் அலுவல் இரகசியச் சட்டம் நிறைவேறியது. 1904இல் கர்சன் அதை மேலும் இறுக்கினார். 1923இல் அது இன்றுள்ள வடிவத்தைப் பெற்றது. அச்சட்டத்தின் 3ஆம் பிரிவு உளவைப் பற்றியது. 5ஆம் பிரிவு அலுவல் தகவலை உரிமையின்றிக் கொடுப்பவரையும், அறிந்தே பெறுபவரையும் தண்டிக்கிறது. எது இரகசியம் என்பதற்கு மட்டும் சட்டத்தில் வரையறை இல்லை. நாட்டின் பாதுகாப்புக்குரிய வரைபடமும் ஓர் அலுவலரின் தவற்றைக் காட்டும் குறிப்பும் ஒரே உறைக்குள் வைக்கப்படுவதற்கு இந்த மௌனமே காரணம்.

விடுதலைக்குப் பிறகும் இச்சட்டம் நீடித்தது. தனிநபர் சத்தியாகிரகத்திலும் ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கத்திலும் சிறை சென்ற அனந்தசயனம் அய்யங்கார் அவைத் தலைவராக அமர்ந்தபோதும், அவரைச் சிறையிட்ட அரசு இயற்றிய அந்தச் சட்டம் நடைமுறையில் இருந்தது.

முந்த்ரா விவகாரத்தின் பின்புலம் இது. 1956 ஜனவரியில் ஆயுள் காப்பீட்டுத் தொழில் நாட்டுடைமையாக்கப்பட்டது. 245 நிறுவனங்களும் சேமநிதிச் சங்கங்களும் ஒன்றிணைந்து, அவ்வாண்டு செப்டம்பர் 1 அன்று ஆயுள் காப்பீட்டுக் கழகம் உருவானது. சிறுகச் சேர்த்தவர்களின் காப்பீட்டுத் தவணைகள் அரசின் பொறுப்பில் வந்தன. ஓராண்டு நிறைவதற்குள், 1957 ஜூனில், கல்கத்தாத் தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவுக்குத் தொடர்புடைய ஆறு நிறுவனங்களின் பங்குகளைக் கழகம் ஏறத்தாழ 1.24 கோடி ரூபாய்க்கு வாங்கியது. முந்த்ரா அப்போது கடும் பண நெருக்கடியில் இருந்தார். முதலீடுகளைப் பரிசீலிக்கவேண்டிய குழுவைக் கலந்துகொள்ளாமலே இந்தக் கொள்முதல் நடந்தது.

அவையில் இதைக் கிளப்பிய ஃபெரோஸ் காந்தி ஆளுங்கட்சியைச் சேர்ந்தவர்; பிரதமர் நேருவின் மருமகன். குற்றஞ்சாட்டப்பட்ட அமைச்சரோ நேருவின் அமைச்சரவையில் செல்வாக்கு மிக்கவர். எதிர்க்கட்சியின் சூழ்ச்சி என்று ஒதுக்கிவிட முடியாத நிலையில் அரசுக்கு எஞ்சியிருந்த வலுவான வாதம், ஆவணம் இரகசியமானது என்பதே. அமைச்சரும் செயலரும் மனம்விட்டு எழுதிக்கொள்ள இயலாவிட்டால் நிர்வாகம் நடக்காது என்னும் அவ்வாதம் வெறும் சாக்கு அன்று. அச்சமின்றிக் கருத்துரைக்கும் அலுவலரை எந்த அரசும் வேண்டுகிறது. ஒவ்வொரு குறிப்பும் நாளை அவையில் படிக்கப்படும் என்றால், அலுவலர்கள் எழுதுவதையே நிறுத்திவிடக்கூடும். எழுதப்படாத முடிவுகள் எழுதப்பட்ட இரகசியங்களைவிட ஆபத்தானவை.

அய்யங்காரின் நெறி இந்த வாதத்தை மறுக்கவில்லை. அது எழவேண்டிய இடத்தை மாற்றியது. வழியைப் பற்றிய விசாரணை அவையில் முதலில் நடந்திருந்தால், விவாதம் நிதி அமைச்சகத்தின் எழுத்தர்களைப் பற்றியதாக முடிந்திருக்கும். கழகத்தின் பணத்தைப் பற்றிய கேள்வி பின்னுக்குப் போயிருக்கும். தாள் மெய்யா என்று அரசிடம் கேட்கப்பட்டபோது, பொய் என்று சொல்லும் வாய்ப்பும் அரசுக்குத் தரப்பட்டது. மெய்யெனில் அதன் பொருளுக்கு விடை சொல்லவேண்டியிருந்தது.

விளைவு விரைவாக வந்தது. பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா 1958 ஜனவரியில் தனிநபர் ஆணையமாக அமர்த்தப்பட்டார். விசாரணை பொதுமக்கள் முன்னிலையில் நடந்தது. கூட்டம் மிகுந்ததால் ஒலிபெருக்கிகள் வைக்கவேண்டியிருந்தது. அமைச்சர், செயலர் ஆகியோரின் கூற்றுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. செயலரின் செயலுக்கு அமைச்சரே அரசமைப்பு வழியில் பொறுப்பு என்று சாக்ளா முடிவு செய்தார். 1958 பிப்ரவரியில் கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார்.

இதற்கு ஒரு முன்னோடி இங்கிலாந்தில் உண்டு. 1938இல் டங்கன் சாண்டிஸ் என்னும் உறுப்பினர் லண்டனின் விமான எதிர்ப்புப் பாதுகாப்பில் இருந்த குறைகளை இரகசியத் தகவலின் அடிப்படையில் எழுப்பியபோது, அலுவல் இரகசியச் சட்டம் பாயக்கூடும் என்று எச்சரிக்கப்பட்டார். அவை உறுப்பினரின் உரிமை அங்கே நிலைநாட்டப்பட்டது. அமெரிக்காவில் 1971இல் வியட்நாம் போர் பற்றிய பென்டகன் ஆவணங்களை செனட்டர் மைக் கிராவல் குழுக் கூட்டம் ஒன்றில் படித்துப் பதிவில் ஏற்றினார். மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் அச்செயலுக்கு அவை உரிமையின் காப்பு உண்டு என்றது. மூன்று நாடுகளும் ஒரே முடிவை எட்டியிருக்கின்றன: இரகசியத்தைச் சுமந்து வருபவருக்கு அவையின் கதவு திறந்திருக்கவேண்டும்.

இந்தியாவில் அக்கதவுக்கு வெளியேயும் ஒரு பாதை அமைக்கப்பட்டிருந்தது. அவையில் பேசப்பட்டதை உண்மையாக வெளியிடும் பத்திரிகைகளுக்குப் பாதுகாப்பளிக்கும் சட்டம், ஃபெரோஸ் காந்தி கொண்டுவந்த தனிநபர் மசோதாவாக 1956இல் நிறைவேறியிருந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில், அவர் மறைந்து பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், இந்திரா காந்தியின் அரசு அதை நீக்கியது. 1977இல் ஜனதா அரசு மீட்டது.

இதுவரை சொன்னது நெறியின் வலிமை. அதன் இடைவெளி எங்கே என்றால், அது உறுப்பினரைக் காத்தது. உறுப்பினருக்குத் தாளைக் கொடுத்தவரைக் காக்கவில்லை. அரசமைப்பின் 105ஆம் உறுப்பு அவையில் பேசும் வாய்க்கு அரண். கோப்பைப் பிரித்த கைக்கு அலுவல் இரகசியச் சட்டமும் அரசுப் பணியாளர் நடத்தை விதிகளும்தான் காத்திருந்தன. 1957இல் அந்தக் கையைக் காத்தது ஒன்றே: அது யாருடையது என்று கேட்க அவை மறுத்தது. கேளாமை ஒரு நற்பண்பாக இருக்கலாம். உரிமையாக அது எழுதப்படவில்லை.

கேளாமை இல்லாத இடத்தில் என்ன நிகழும் என்பதற்கு 2003 சான்று. தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் பொறியாளர் சத்தியேந்திர துபே, தங்க நாற்கரச் சாலைப் பணியில் நடந்த முறைகேடுகளைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். தம் பெயரை வெளியிடவேண்டாம் என்றும் கேட்டிருந்தார். அக்கடிதம் அவர் பெயரோடு அலுவலகம் அலுவலகமாகச் சென்றது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். கொலை வழக்கில் தண்டிக்கப்பட்டவர்கள் வழிப்பறிக்காரர்கள் என்றது விசாரணை. எனினும் பெயரை மறைக்கக் கேட்டவரின் பெயர் மறைக்கப்படவில்லை என்பது மாறாத உண்மை. துபே எதையும் கசியவிடவில்லை. உரிய வழியில், உரிய இடத்துக்கு எழுதினார். ‘பத்திரிகைக்குப் போகாமல் மேலிடத்துக்குச் சொல்லியிருக்கலாமே’ என்று கசியவிடுபவர்களைக் கேட்பவர்கள் கணக்கில் எடுக்கவேண்டிய நிகழ்வு இது.

அதன்பின் 2004இல் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்குப் புகார் அனுப்புவோரின் அடையாளத்தைக் காக்கும் தீர்மானம் வந்தது. 2014இல் முறைகேடுகளை வெளிப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் பெற்றது. நடைமுறைக்கு வரும் நாள் மட்டும் இன்றுவரை அறிவிக்கப்படவில்லை. அதன் வரம்பைச் சுருக்கும் திருத்த மசோதா 2015இல் மக்களவையில் நிறைவேறி, 2019இல் காலாவதியானது. அச்சட்டம் நடைமுறைக்கு வந்தாலும் உரிய அதிகாரியிடம் பெயரோடு முறையிடுபவருக்கே பயன்படும். பத்திரிகைக்கோ உறுப்பினருக்கோ தாள் கொடுத்தவருக்கு அதில் இடமில்லை.

மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. 1985 ஜனவரியில் வெளிப்பட்ட கூமர் நாராயண் வழக்கில், பிரதமர் செயலகம் உட்பட முக்கிய அலுவலகங்களின் ஊழியர்கள் இரகசியக் கோப்புகளை நகலெடுத்து வெளிநாட்டு முகவர்களுக்குச் சேரும்படி கொடுத்தனர் என்பது குற்றச்சாட்டு. பிரதமரின் முதன்மைச் செயலர் பி.சி. அலெக்சாண்டர் பதவி விலக நேர்ந்தது. 2002இல் குற்றவாளிகள் தண்டிக்கப்பட்டனர். உடலின் செயலாகப் பார்த்தால் 1957க்கும் 1985க்கும் வேறுபாடு இல்லை. இரண்டிலும் ஓர் ஊழியர் ஒரு கோப்பை எடுத்தார். நகல் வெளியே போனது. வேறுபாடு மூன்று இடங்களில் இருக்கிறது: மறைக்கப்பட்டது நாட்டின் காப்பா, அலுவலரின் தவறா, நகல் சென்றது பொறுப்புக் கேட்கும் உரிமையுள்ள அவைக்கா, பணம் தரும் அந்நியருக்கா, அதனால் பயன் பெற்றது பொதுமக்களா, கொடுத்தவரா.

கசிவு என்னும் குற்றச்சாட்டே பொய்யாக இருப்பதும் உண்டு. 1994இல் இஸ்ரோ அறிவியலாளர் நம்பி நாராயணன் ஏவூர்தித் தொழில்நுட்பத்தை அயல்நாட்டுக்குக் கொடுத்தார் என்று கைது செய்யப்பட்டார். 1996இல் மத்தியப் புலனாய்வுத் துறை வழக்கில் உண்மையில்லை என்றது. 2018இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு 50 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. ‘தாள் மெய்யா’ என்று கேட்பதற்கு முன் ‘யார் திருடினார்’ என்று கேட்டதன் விலை ஒரு மனிதரின் இருபத்து நான்கு ஆண்டுகள்.

1957இன் வினாவரிசை 2019இல் நீதிமன்றத்தில் மீண்டும் தோன்றியது. ரஃபேல் விமானக் கொள்முதல் குறித்த பாதுகாப்பு அமைச்சகக் குறிப்புகளைச் சென்னையிலிருந்து வெளிவரும் தி இந்து நாளிதழில் என். ராம் வெளியிட்டார். ஆவணங்கள் திருடப்பட்டவை என்று அட்டர்னி ஜெனரல் கே.கே. வேணுகோபால் மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் கூறினார். பின்னர், நகலெடுக்கப்பட்டவை என்பதே தாம் கூறியதன் பொருள் என்றார். ஏப்ரல் 10 அன்று மூன்று நீதிபதிகளும் ஒருமனதாக அரசின் முதனிலை மறுப்பைத் தள்ளினர். ஏற்கெனவே வெளியான ஆவணங்களை நீதிமன்றம் பார்ப்பதற்கு வந்த வழி தடையாகவில்லை. பொதுநலன் மிகுந்தால் அலுவல் இரகசியச் சட்டத்தையும் மீறித் தகவல் தரலாம் என்னும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(2) பிரிவு அங்கே துணைநின்றது. சித்தூர் வழக்கறிஞர் அவையில் வகுத்த நெறிக்கு நெருங்கிய உறவுள்ள தீர்ப்பு இது.

அதே வழக்கு இரண்டு எச்சரிக்கைகளையும் தருகிறது. முதலில் வெளியான குறிப்பில் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கரின் கையெழுத்துக் குறிப்பு இடம்பெறவில்லை என்று அரசு சுட்டிக்காட்டியது. மெய்யான தாள் முழுமையான தாளாகவும் இருக்கவேண்டும் என்னும் கோரிக்கை நியாயமானது. வெளியிடுபவரின் பொறுப்பு அங்கேதான் தொடங்குகிறது. இரண்டாவது, ஆவணங்களை ஏற்ற அதே நீதிமன்றம் 2019 நவம்பர் 14 அன்று மறுஆய்வு மனுக்களைத் தள்ளுபடி செய்தது. தாளைப் படிக்கலாம் என்பதற்குத் தாள் சொல்வதெல்லாம் நிறுவப்பட்டது என்று பொருளில்லை. கசிவு விசாரணையின் தொடக்கம் மட்டுமே. 1958இல் சாக்ளா ஆணையம் வேண்டியிருந்தது அதனால்தான்.

ஆகவே, கசியவிடுபவர் குற்றவாளியா, இடித்துரைப்பாளரா என்னும் வினாவுக்கு ஆளைப் பார்த்து விடை சொல்ல இயலாது. தாள் மெய்யும் முழுமையுமா, அது காத்தது யாரை, அது சென்று சேர்ந்தது எங்கே என்னும் வினாக்களுக்கு விடை கிடைத்த பிறகே கொடுத்தவரைப் பற்றிப் பேசவேண்டும். அந்த மூன்றும் அவருக்குச் சார்பாக அமைந்தால், அவரைத் தண்டிக்கும் சட்டம் நாட்டைக் காக்கவில்லை. தவறு செய்த அலுவலரையே காக்கிறது. எதிராக அமைந்தால், நல்ல நோக்கம் என்னும் சொல் அவருக்குக் கவசமாகாது.

முந்த்ரா விவகாரத்தில் தொடர்புடையோரின் பிற்கால வரலாறு பதிவாகியுள்ளது. கிருஷ்ணமாச்சாரி 1962இல் அமைச்சரவைக்குத் திரும்பி, மறு ஆண்டு மீண்டும் நிதியமைச்சரானார். எச்.எம். பட்டேல் 1977இல் தாமே நிதியமைச்சரானார். அனந்தசயனம் அய்யங்கார் 1962 முதல் 1967 வரை பீகார் ஆளுநராக இருந்து, 1978இல் மறைந்தார். ஃபெரோஸ் காந்தி 1960இலேயே மறைந்தார். தாளைக் கொடுத்தவரின் பெயர் மட்டும் அவைக்குறிப்பில் இல்லை. தெரிந்திருந்தால் அவர் 5ஆம் பிரிவின்கீழ் நிறுத்தப்பட்டிருக்கக்கூடும். காப்பீட்டுத் தவணை கட்டிய இலட்சக்கணக்கானோரின் பணத்துக்கு நாடாளுமன்றம் கணக்குக் கேட்டது, பெயரறியா அந்த ஒருவரின் கை வழியாக. அத்தகைய ஒருவர் இன்று தம் பெயரைச் சொல்லிக்கொண்டு நிற்பதற்கு உரிய சட்டம் 1957இல் இல்லை. 2014இல் நிறைவேறியதும் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.